மூன்று வீடு, ஒரே கோப்பை

தீபாவளியன்று எனக்குப் பெரிய அவமானம் நடந்தது. ஒரு வீட்டில் என்றால் மன்னித்திருப்பேன். மூன்று வீட்டில்!

முதலில் பிரிக்ஃபீல்ட்ஸ். என் பெரியப்பா மகன் வீடு. 'திறந்த இல்ல உபசரிப்பு' என்று பத்திரிகைகளில் எழுதுகிறோமே, அதை அந்த வீட்டில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கைக்கு ரோஸ் சிராப் வந்துவிடும். உட்கார்ந்ததும் ஆரஞ்சு. சாப்பிட்டு எழுந்ததும் ஒரு டின் பானம். வேண்டாம் என்றால் சண்டைக்கு வருவார்கள்.

இந்த முறை எல்லாருக்கும் உயரமான கண்ணாடி டம்ளர். எனக்கு மட்டும் ஒரு சின்னக் கோப்பை. சீனர் கடைகளில் தேநீருக்கு வைப்பார்களே, கைப்பிடி இல்லாமல், நீலப் பூ போட்டு... அது. இரண்டு மடக்கில் காலி. கோப்பையைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் மறுபடி ஊற்ற வரவில்லை.

அடுத்தது சுங்கை பூலோ. தம்பி வீடு. அங்கேயும் கோப்பை! போதாததற்கு, தம்பி மனைவி ஆட்டுக்கறியைக் கரண்டியில் எடுத்து, குழம்பைச் சட்டி ஓரத்தில் நன்றாக வடித்துவிட்டு, வெறும் துண்டுகளை என் தட்டில் வைத்தாள். நான் அந்தக் குடும்பத்தில் மூத்தவன். எனக்கா இப்படி?

காரில் ஏறியதும் மனைவி விமலாவிடம் புலம்பித் தீர்த்தேன். இந்த வருடம் எல்லாருக்கும் கை சுருங்கிவிட்டது என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, விலைவாசி அப்படி இருக்கிறது என்றாள்.

இங்கே வண்டியைக் கொஞ்சம் ஓரம் கட்டுகிறேன். வாசகர்களான உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. வாரத்தில் மூன்று நாள், கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குப் போகிறேன். இடது கையில் இரண்டு ஊசி. நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் சேர்ந்த நீரையும் எடுத்துவிடும். அது எடுத்தால்தான் உண்டு. அதனால் எனக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிதான் அளவு. காலைத் தேநீர், மாத்திரைக்குத் தண்ணீர், குழம்பு, பாயசம்... எல்லாம் அந்த எழுநூறுக்குள்.

இது விமலாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். சொந்தக்காரர்களிடம் யோகா வகுப்புக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தேன். வாரம் மூன்று நாள், தவறாமல்! நான் இளைத்துப் போனதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் நிஜமாகவே யோகாவில் சேர்ந்தார்கள். அதோடு விட்டேனா? இந்தப் பத்தியிலேயே யோகாவின் அருமை பெருமைகளை இரண்டு வாரம் எழுதினேன். பாராட்டிக் கடிதம் போட்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

ஏன் மறைத்தேன்? நோய்க்குப் பயந்து இல்லை. 'பாவம்' என்ற சொல்லுக்குப் பயந்து.

யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் போய் நிற்பவன் நான். அவர்களைப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, "பாவம்..." என்று எத்தனை பேரைச் சொல்லியிருப்பேன்! அதே சாய்ந்த தலைகள் என் பக்கம் திரும்புவதை நினைத்தாலே எரிச்சலாக வந்தது. அதனால் கைக்குட்டை பிழியும் வெயிலிலும் முழுக்கை ஜிப்பா போட்டுக்கொண்டு திரிந்தேன். ஊசி குத்தும் கையில் நரம்பு கயிறு போலப் புடைத்திருக்கும். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது.

போன வருடத் தீபாவளி என் டயாலிசிஸ் நாளிலேயே வந்தது.

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்த விதி இல்லை. நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கு மலாய்க்காரர்களின் இடத்தை நாங்களும் சீனர்களும் மாற்றிக்கொள்வோம். சீனப் பெருநாளுக்கு அவர்களுக்கு நாங்கள் விட்டுக்கொடுப்போம். தீபாவளிக்கு எங்கள் முறை. நர்ஸ் அட்டவணையில் பழைய பெயரை அழித்துவிட்டுப் பென்சிலால் புதுப் பெயர் எழுதுவார். பெருநாள் வாழ்த்து அட்டையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என் நாற்காலியில் மற்ற நாட்களில் உட்காருபவர் ஹாலிம்; ராயாவுக்கு இடம் மாற்றியதில் பழக்கம். என் வயதுதான்; லோரி ஓட்டியவர். தீபாவளிக்கு முந்தின நாள் தனக்கிருந்த இடத்தை எனக்குத் தருவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். முந்தின நாள் பலகாரம் கொடுக்க ஆட்கள் வருவார்கள், நான் எங்கே என்று கேட்பார்கள், பண்டிகை நேரத்திலும் யோகாவா என்று சிரிப்பார்கள். ஒரு நாள் தள்ளிப் போட்டால் என்ன ஆகிவிடும்?

ஹாலிம் மலாயில் சொன்னதன் சாரம் இது: ராயாவுக்குப் போகும் வீடுகளில் தான் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுவாராம். சொல்லாமல் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டால், அந்தப் பாரம் ஊற்றிக் கொடுத்தவர் தலையில்தான் விழும். அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்?

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீபாவளியன்று எட்டு வீடு போனேன். எட்டு வீட்டிலும் "கொஞ்சமா போதும்" என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக எட்டு வீடு என்றால் எவ்வளவு? முறுக்கின் உப்பு வேறு நாக்கை வறட்டியது. கடைசியாக செமினியில் தங்கை தேவி வீடு. அங்கே இரண்டு டம்ளர்.

மறுநாள் விடியற்காலையில் என்னால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. உட்கார்ந்தாலும் அடைத்தது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் எங்கும் போய்ச் சேரவில்லை. விமலா என் முதுகைப் பிடித்துக்கொண்டு போனில் ஆம்புலன்ஸுக்கு முகவரி சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவசர டயாலிசிஸ். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். விமலா முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார்.

சொந்தக்காரர்களுக்கு என்ன சொன்னோம்? நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது.

ஆக, இந்த வருடம். தீபாவளிக்கு முந்தின நாளே என் முறை, நல்லபடியாக முடிந்தது. வழக்கம் போல எட்டு வீட்டுக்குப் பட்டியல் போட்டேன். விமலா தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். காரில் ஏறி இறங்கினால் உயிர் போகிறதாம், மூன்று வீட்டுக்கு மேல் தாங்காதாம். மற்றவர்களை இன்னொரு நாள் நம் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாமாம். மனைவிக்கு முழங்கால் வலி... என்ன செய்வது? ஒத்துக்கொண்டேன்.

செமினி போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. தேவி வாசலுக்கே வந்து கும்பிட்டு அழைத்துப் போனாள். இவளாவது பெரிய டம்ளரில் கொடுப்பாள், அதில் பாதியை நாமே பெருந்தன்மையாக மிச்சம் வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

தட்டு வந்தது. தட்டின் நடுவில் நீலப் பூ போட்ட சின்னக் கோப்பை.

பிரிக்ஃபீல்ட்ஸில் இதே பூ. சுங்கை பூலோவில் இதே பூ. மூன்று வீட்டுக்காரர்கள் சொல்லி வைத்த மாதிரி ஒரே கடையில் ஒரே கோப்பையா வாங்குவார்கள்? அப்போது தேவியின் நெய் உருண்டை ஒன்று தட்டிலிருந்து உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. விமலா சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குனிந்து எடுத்து, ஒரு முனகல் இல்லாமல் எழுந்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எப்போதிருந்து தெரியும் என்று தேவியிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவள் அண்ணியைப் பார்த்தாள். பிறகு என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறு மாதம் ஆகிறதாம். விமலா தனியாகப் போன் செய்து சொல்லியிருக்கிறாள். கோப்பைகளும் விமலா வாங்கிக் கொடுத்தவைதான். அளந்து பார்த்தே வாங்கினாளாம். அறுபது மில்லி பிடிக்கும்.

"போன வருஷம் ரெண்டாவது கிளாஸ் நான்தானே ஊத்துனேன்," என்றாள் தேவி. "நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க. குடிக்கலன்னா இனிமே உங்க வீட்டுப் பக்கம் வர மாட்டேன்னு நான்தான் சொன்னேன். அண்ணி விஷயத்த சொன்ன நாள்லேர்ந்து அந்த கிளாஸயே வெளிய எடுக்கலண்ணே. எங்கண்ணன நானே கொன்னிருப்பேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

நோயை மறைத்தால் எனக்கு மட்டும்தான் கஷ்டம் என்று மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாக இந்தப் பெண் ஒரு டம்ளரைப் பார்க்கப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். ஹாலிம் சொன்னது இதைத்தானே? வெட்கமாக இருந்தது. அவமானம் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தேனே, அது இப்போதுதான் வந்தது.

ஜிப்பாவின் இடது கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டேன். அந்த நரம்பின் மேல் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது அதிரும். வைத்துப் பார் என்றேன். தேவி ஒரு விரலை வைத்தாள். பயந்து எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"ஃப்ரிட்ஜ் மேல கை வச்ச மாதிரி இருக்குண்ணே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான் காத்திருந்தேன்... அந்தச் சொல் வரவில்லை. தலை சாயவில்லை. குரல் தாழவில்லை. கறி போடவா, இல்லை, போன வீட்டிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டீர்களா என்று வழக்கமான அதட்டலோடு எழுந்து போனாள். குழம்பை வடித்துத்தான் போட்டாள். நன்றாகவே இருந்தது.

கோப்பையை நிதானமாகக் குடித்தேன். அறுபது மில்லியில் ஏழெட்டு வாய் இருக்கிறது, பொறுமையாகக் குடித்தால்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்: சர்க்கரை, இதயம், என்னைப் போலக் கிட்னி. பண்டிகையன்று "கொஞ்சமா போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். ஊற்றுவதற்கு முன் ஒரு தடவை கேளுங்கள். நீங்களே அந்த ஒருவராக இருந்தால்... வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஊற்றிக் கொடுப்பவர் நம்மவர்தான்.

திரும்பி வரும்போது விமலாவிடம் கேட்டேன், பெட்டியில் எத்தனை கோப்பை என்று. ஆறு என்றாள். மூன்று இன்னும் வீட்டில் இருக்கின்றனவாம். அடுத்த தீபாவளிக்குப் புதிதாக மூன்று வீடு சேர்க்கலாம் என்றேன். மறுபடி முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய முழங்கால் வலி மறுநாளே குணமாகிவிட்டது. எப்படி என்று கேட்டேன். யோகா என்றாள்.