அவன் உயரத்துக்கு நான் சாட்சி

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. அதிக நாள் தாக்குப்பிடித்தது சித்தேரி மலையில் வேலிக்கல் சுமந்ததுதான். கல்லைக் கயிற்றில் கட்டி மூங்கிலில் தொங்கவிட்டு, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவனாகத் தூக்க வேண்டும். ஒருவன் குட்டையாக இருந்தால் பாரம் அவன் பக்கம் சரிந்து ஆளையே சாய்த்துவிடும். அதனால் மேஸ்திரி உயரம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார். என்னையும் சித்தேரிக்காரன் ஒருவனையும் முதுகோடு முதுகாக நிறுத்தி, விளையாட்டாக இரண்டு தலைமேலும் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. அன்றிலிருந்து அவன்தான் என் ஜோடி.

போன வருடம் நான் சேலத்தில் ஒரு லாட்ஜில் வேலைக்கு இருந்தபோது அவன் மனைவி போன் செய்தாள். வேலைக்கென்று வெளியூர் போனவனிடமிருந்து பேச்சே இல்லை. மொரப்பூர்ப் பக்கம் தண்டவாளத்தில் ஒரு உடல் கிடந்ததாம், தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கச் சொல்கிறார்களாம். துணைக்கு ஆள் இல்லை. லாட்ஜில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். எனக்கு அது பழக்கம்.

பிணவறை வாசலில் ஏட்டு ஒருவர் காகிதத்தோடு நின்றிருந்தார். முகம் சிதைந்துவிட்டது, உடம்பும் முழுசாக இல்லை. இடுப்பில் ஊதா லுங்கி. அவனிடமும் ஊதா லுங்கி உண்டு. என்னிடமும் உண்டு. அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் வாங்கிக்கொண்டு போகலாம் என்றார் ஏட்டு. அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போயிருந்தார். அவள் பேனாவை வாங்கிவிட்டாள். போட்டால் அவன் செத்தவன்.

அப்போதுதான் டாக்டரம்மா வெளியே வந்தார். சின்ன வயது. பாதங்கள் சேதமில்லாமல் இருக்கின்றன, அவற்றை அளந்தால் ஆளின் உயரத்தை ஓரளவு சொல்லிவிடலாம் என்றார். பாதத்தின் நீளத்தைப்போல ஆறரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே உயரம் இருக்குமாம்.

"உங்க வீட்டுக்காரர் என்ன உயரம்மா?"

அவள் கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். கொஞ்சம் இறக்கினாள். மறுபடி தூக்கினாள். கை நிற்கவில்லை. புருஷன் எத்தனை அடி என்று அதுவரை அவளை யார் கேட்டார்கள்?

நான் முன்னால் போய் நின்றேன். "மேடம், நாந்தாங்க அவன் உயரம்."

ஏட்டு என்னைப் பைத்தியக்காரனைப்போலப் பார்த்தார். மூங்கில், கல், ரசமட்டம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பெஞ்சில் படுக்கச் சொன்னார். உள்ளே கிடப்பவரை அளந்த மாதிரியே என்னையும் அளக்க வேண்டுமாம். குதிகாலில் ஒரு தகடும் விரல்நுனியில் ஒரு தகடும் சில்லென்று பட்டன. இருபத்தாறு சென்டிமீட்டர். போனில் பெருக்கிப் பார்த்து, நூற்று எழுபத்திரண்டு பக்கம் வர வேண்டும், எழுந்து சுவரோரம் நில்லுங்கள் என்றார். நின்றேன். நூற்று எழுபத்துமூன்று. வெறும் பாதத்தை வைத்து என்னை முழுசாகச் சொல்லிவிட்டாரே என்று துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அதன் பிறகுதான் அந்தப் பாதத்தைப் பற்றிக் கேட்கத் தைரியம் வந்தது.

இருபத்துமூன்று. ஆள் ஐந்தடி. நாலு விரல் கூடலாம், குறையலாம். என்னைவிட ஒரு சாண் குட்டை.

"எவ்வளவு இழுத்தாலும் உங்க உயரத்துக்கு வராதுங்க," என்றார். முடிவாகச் சொல்ல அவர்கள் பிள்ளையின் ரத்தம் எடுத்து உடலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், இன்றைக்குக் கையெழுத்து வேண்டாம் என்று ஏட்டிடமும் சொன்னார்.

அவள் மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றாள். தன் உச்சந்தலையில் கையை வைத்து அப்படியே என் தோள்வரை நீட்டினாள்.

"ஆமாங்ணா. அவருக்கும் நா இங்கதாங்ணா வருவேன்."

பஸ் ஸ்டாண்டில் அவள் இரண்டு டீ குடித்தாள். நான் அங்கே போகிறவர்கள் வருகிறவர்கள் காலையெல்லாம் பார்த்து, பிறகு நிமிர்ந்து தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவைத்தாற்போல் பொருந்தியது. பிறகு வந்த ரத்தப் பரிசோதனையும் அது அவனில்லை என்றுதான் சொன்னது. அந்தக் குட்டை மனிதர் யாரென்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

குடகில் காபி பறித்துக்கொண்டிருந்தவன் தையில் வந்து சேர்ந்தான். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். அவள் சண்டை போடவில்லை. அவனை வாசல் நிலையோடு ஒட்டி நிறுத்தி, தலைக்கு மேலே ஆணியால் ஒரு கோடு கீறினாள். எதற்கு என்று கேட்டான்.

"மறுக்காப் போவீல்ல, வூட்ல அளவு இருக்கட்டும்."