கல்லறைப் பொரி

எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டியில் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். மனிதனும் குரங்கும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவர்கள் என்று நான் நடத்திய பாடம், எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருந்த கத்தோலிக்க விவசாயியின் காதுக்கும் போனது. அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மதம் பிடித்த முரடன் என்று இளக்காரமாக நினைத்தேன்.

கல்லறைத் திருநாளன்று அவரே என்னைத் தன்னோடு வரச் சொன்னார். தொப்பூரில் லாரி மோதிச் செத்த மகனின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிப் பொரி வைத்தார். மலையிலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று சிலுவைமேல் உட்கார்ந்து பொரியைத் தின்றது. கல்லை எடுத்து ஓங்கியவர், குரங்கை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“குரங்குக்கு மோட்சம் இல்லீங்க சார். அதுலருந்துதான் நாம வந்தோம்னா, எம் பையன் இப்ப எங்க இருக்கறான்?”

கல்லை அவர் கீழே போடவில்லை.