சித்திரையில் கட்டிய காப்பு

“...சித்திரையிலே கட்டக் கூடாதுன்னு ஆத்தா உன் காதுல வந்து சொல்லிட்டுப் போனாளா மாமா?” என்று என் அக்கா பூசாரியைக் கேட்டாள். மாரியம்மன் கோயில் வாசலில் கூடியிருந்த ஜனம் முந்தானையையும் துண்டையும் வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கியது.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில் ஆடியில்தான் காப்பு கட்டுவார்கள். கட்டிவிட்டால், ஆடிக் கூழ் வார்த்து முடிகிறவரை ஊர் எல்லைக்குள் பச்சை மரத்தில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. கல்யாணம் கூடாது. கையில் மஞ்சள் கயிறு ஏறியவர் ராத்திரி வெளியூரில் தங்கவும் கூடாது. அந்தக் காப்பை மூன்று மாதம் முன்னாலேயே கட்டச் சொல்லி நின்றாள் அக்கா. எல்லாம் ஏரிக்கு மேற்கே இருந்த புதர்க்காட்டுக்காக, அதில் கூடு கட்டியிருந்த குருவிகளுக்காக.

அது யுத்த காலம். ஆவடிப் பக்கத்துக் காட்டைப் பட்டாளத்து முகாமுக்காக மொட்டையடித்துவிட்டார்கள். விடியற்காலையில் விறகு வண்டி ஓட்டுகிறவன் நான். முன்பெல்லாம் வழி நெடுகப் பாட்டுதான். பிறகு எங்கள் காட்டோரம் வந்தால்தான் காது திறக்கும். தலையில் கொண்டை வைத்த சின்னான், வாலைத் தூக்கி ஆட்டும் கருஞ்சிட்டு, மேலே போய்ப் பாடிக்கொண்டே இறங்கும் வானம்பாடி என்று மிச்சம் இருந்ததெல்லாம் அங்கேதான் ஒண்டிக்கொண்டிருந்தன.

அந்தக் காடு சும்மா கிடந்த காடு இல்லை. விறகு வெட்டும் பெண்கள் அதை மூன்று பங்காக வைத்திருந்தார்கள். வருஷம் ஒரு பங்கு, அதுவும் தை, மாசியில் மட்டும், முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டு வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் புல் வந்தால் வானம்பாடி தரையில் முட்டையிடும். கட்டை தளிர்த்துப் புதரானதும் சின்னானுக்கு ஆகும். முற்றிய பங்கு, வல்லூறு வந்தால் ஓடி ஒளிய. பங்குனிக்குமேல் கத்தியோடு உள்ளே போகிறவளை அக்கா விடமாட்டாள். “பிள்ளைத்தாச்சி ஊட்டுக் கூரையைப் பிரிப்பியாடி?” என்பாள். அந்த மாதங்களில் ஏரிக்கரைக் கருவேலத்தை வெட்டித்தான் எங்கள் பிழைப்பு.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின; அந்தக் கரிக்காகக் காட்டை ஏலத்தில் எடுத்தார் பட்டணத்துக் கான்ட்ராக்டர் ஒருவர். வெட்டியதோடு விட்டிருந்தால் மறுபடி தளிர்த்திருக்கும். அவரோ வேர்க்கட்டைக் கரிதான் நின்று எரியும் என்று வேரையும் தோண்டக் கிளம்பிவிட்டார். அவர் குத்தகை ஆனியோடு முடிகிறது. ஆடி பிறக்கிறவரை கடப்பாரை விழாவிட்டால் காடு பிழைத்தது. விழுந்தால் போனது போனதுதான்.

அன்று அவரும் கடப்பாரை ஆட்களோடு கோயிலெதிரே நின்றுகொண்டிருந்தார்.

“முடியை வெட்டுனா வளரும் நைனா, தலையை வெட்டுனா வளருமா?” என்றாள் அக்கா.

“குருவிக்கு வக்காலத்தா? அது இன்னாம்மா, சர்க்காருக்கு வரி கட்டுதா?”

“நீதான் கட்டுறியே, எங்கே, ஒரு பாட்டு பாடு பார்ப்போம்.”

கடப்பாரைக்காரர்களே சிரித்துவிட்டார்கள். ஆனால் ஊர்க்காரர்களுக்கு வேறு கவலை. “வைகாசியிலே என் பொண்ணுக்கு முகூர்த்தம் வச்சிகினு கீறேனே!” என்றார் ஒருவர்.

“மாப்பிள்ளை ஊர்ல வச்சுக்கோ அண்ணாத்தே. காடு எழுந்து அங்கே போவுமா?”

நானும் கேட்டேன். “அக்கா, வெறகு இல்லாம நம்ம வண்டி இன்னாத்துக்கு ஓடும்?”

“மல்லிப்பூ ஏத்து. உன் மாடாவது மணக்கட்டும்.”

“நீ இன்னா துன்னுவே?”

“மூணு மாசம் அரை வயிறு. என் வயித்துக்கு அது புதுசா?”

அவளுக்கும் விறகை விட்டால் வேறு பிழைப்பில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரி கொடுத்தார். “ஆத்தா உட்ட வழி” என்று உள்ளே போய் அம்மன் கையில் காப்பைக் கட்டிவிட்டு, மீதிக் கயிறுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கூலிக்கு வந்தவர்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி பேரைச் சொல்லி ஏமாற்றினீர்கள் என்று இன்றைக்கும் என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். வேரோடு தோண்டுவதற்குச் சர்க்கார் முத்திரை போதும் என்றால், தோண்டாமல் இருப்பதற்கு ஒரு மஞ்சள் கயிறு போதாதா?

கான்ட்ராக்டர் லேசுப்பட்டவர் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அம்மனைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டார். “உங்க ஆத்தா எனக்கும் ஆத்தாதான். வெள்ளிக் குடை செஞ்சு சாத்துறேன். இதை அவுத்துட்டு, வழக்கம்போல ஆடியிலே கட்டுங்க.”

வெள்ளிக் குடை! கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பூசாரியின் கண் அம்மன் தலைக்கு மேலே போய்விட்டு வந்தது. காடு கைநழுவுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“மெய்யாலுமே உனக்கும் ஆத்தாவா நைனா?” என்று அக்கா கேட்டாள்.

“சத்தியமா சொல்றேம்மா.”

அக்கா பூசாரியின் தட்டிலிருந்து ஒரு கயிற்றை உருவினாள். கான்ட்ராக்டர் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் மணிக்கட்டில் சுற்றி, பல்லால் கடித்து இழுத்து, முடிச்சை இறுக்கினாள். “ஆடிக் கூழ் குடிச்சிட்டுத்தான் இதை அவுக்கணும் நைனா. அதுவரைக்கும் பச்சை மரத்துல கை வைக்காதே, ராத்திரி படுக்கையும் இங்கேதான்” என்றாள்.