வலை இறக்கிய வள்ளம்

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த சமயம். தூத்துக்குடியில் ஒரு மகளிர் கல்லூரியில் விலங்கியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். நான் படித்தேன் என்பதைவிட, என் படிப்பு எப்போது முடியும் என்று வீட்டில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வதுதான் சரி. தருமபுரிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவருக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம். எங்கள் அப்பாவும் கடைக்கார அண்ணாச்சிதான். ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போகிறேன், அவ்வளவுதான் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பேன். உள்ளுக்குள் சிரிப்பு வராது.

காரணம் கடல். கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தும், கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. மூன்று வருஷமாக நான் படித்ததெல்லாம் ஃபார்மலின் ஜாடிக்குள் இருந்த கடல். நட்சத்திர மீன், கடல் தாமரை, கடல் குதிரை எல்லாமே அதில் ஒரே நிறத்தில், அவித்த கிழங்கு மாதிரி வெளிறிக் கிடக்கும். புத்தகத்தில் மட்டும் ‘பளிச்சென்ற செந்நிறம்’ என்று போட்டிருக்கும். பரீட்சையில் நானும் அப்படியே எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தப் பொய் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவையாவது அவற்றை அவை வாழ்கிற இடத்தில், உயிரோடு, அவற்றின் நிறத்தோடு பார்த்துவிட வேண்டும். தருமபுரிக்குப் போன பிறகு கடலுக்கு எங்கே போவேன்?

மாசி மாதம், கடல் ஆராய்ச்சி செய்கிற சிலர் எங்கள் கல்லூரிக்கு வந்தார்கள். பக்கத்து மீனவ ஊரான தருவைகுளத்துக் கரையிலும் அதற்கு நேரே கடலுக்குள் கிடக்கிற பார்களிலும் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எல்லோருமாகச் சேர்ந்து ஒரே நாளில் கணக்கெடுக்கப் போகிறார்களாம். மாணவிகளும் ஊர்க்காரர்களும் வந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு. சிப்பியும் பவளமும் வளர்கிற இடம். யார் யார் வருகிறீர்கள் என்று மேடம் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பூசை முடிந்து ஊர் ஜனம் நேரே கரைக்கு வந்துவிட்டது. கடல் நன்றாக வற்றியிருந்தது. கயிற்றைச் சதுரமாக மணலில் போட்டு, அதற்குள் இருக்கிற சங்கு, நண்டு, பூச்சி எல்லாவற்றையும் எண்ண வேண்டும். இது பெண்களுக்கு. ஆண்கள் வள்ளத்தில் ஏறிப் பாருக்குப் போய், கண்ணாடிப் பெட்டி வழியாகக் கடலுக்கடியில் பார்த்து எண்ணுவார்கள். மரத்தால் செய்த பெட்டி அது. மேலே திறந்திருக்கும், அடியில் பலகைக்குப் பதில் கண்ணாடி. தண்ணீர் மேல் வைத்து அழுத்திக்கொண்டு உள்ளே முகத்தைக் கொடுத்தால், அலையில்லாமல் அடி தெளிவாகத் தெரியும். அந்தப் பெட்டியைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் கவனமில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடாத பிள்ளை மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவர் அந்த ஊர் அக்கா ஒருவர். முப்பத்தைந்து வயதிருக்கும். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, வந்த உடனேயே என்னைக் கேலி பண்ண ஆரம்பித்துவிட்டார்.

“ஏளா, நண்டு ஒன்னயப் பாத்து ஓடுதா, நீ நண்டப் பாத்து ஓடுதியா?”

எனக்கும் வாய் சும்மா இருக்காது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினோம். நடுநடுவே என் கண் வள்ளங்கள் பக்கம் போவதை அவர் கவனித்திருக்கிறார். போக ஆசையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஜாடிக் கதை, தருமபுரிக் கதை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இன்று பார்க்காவிட்டால் இனி இல்லை என்றும் சொன்னேன். அவர் சங்குகளை எண்ணியபடியே கேட்டுக்கொண்டார்.

கடைசி வள்ளத்தில் ஓர் இடம் மிச்சமிருந்தது. எங்கள் மேடம் அந்த வள்ளத்துக்காரரிடம் போய், மாணவி ஒருத்தியை ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார்.

“மன்னிக்கணும் டீச்சர். பொம்பளயாளு வள்ளத்துல கால் வச்சா மீன் படாது. எங்க ஊரு வழக்கம்.”

ஆராய்ச்சிக்காரர் ஒருவர் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஆரம்பித்தார். அத்தோடு காரியம் கெட்டது என்று நினைத்தேன். வள்ளத்துக்காரர் முகம் இறுகிவிட்டது. அப்போதுதான் அந்த அக்கா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனார். அந்த வள்ளத்துக்காரர் அவருடைய வீட்டுக்காரர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“இங்கேரும். வலை கெடந்தாத்தான அது மீன்புடி வள்ளம்? வலைய எறக்கி மணல்ல போட்டுட்டா அது வெறும் மரம். மரத்துல யாரு ஏறுனா என்ன?”

யோசித்துச் சொன்ன மாதிரியே இல்லை. வாயில் தயாராக வைத்திருந்ததை எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. கரையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவ சொல்லுததும் ஞாயந்தானப்பா என்று யாரோ ஒருவர் சொன்னார். வள்ளத்துக்காரராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வலைகளை இறக்கிக் கரையில் போட்டார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில், “அக்கா, நீங்களும் வாங்க” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். சிரிப்பு சட்டென்று நின்றது. வீட்டுக்காரர்தான் மெதுவாகச் சொன்னார். இந்தப் பிள்ள இன்னைக்கு வந்துட்டு நாளைக்குப் போயிரும். இவ ஏறி, நாளப்பின்ன ஊருக்கு மீன் படலைன்னா ஆளாளுக்கு இவளத்தான சொல்லுவாங்க? அவர் குரலில் கோபமே இல்லை.

அக்கா என் கையை விடுவித்து என்னை வள்ளத்துப் பக்கம் தள்ளினார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் முத்துக் குளிக்கப் போனவராம். கல்லைக் காலில் கட்டி இறங்கி அடியைத் தொட்டுவிட்டு வந்தவர்.

“அடியில காத்தடிக்கிற மாதிரி எல்லாம் ஆடும்னு எங்கப்பா சொல்லுவாரு. நெசமான்னு பாத்துட்டு வந்து சொல்லு” என்றார்.

பாருக்கு மேலே போய் நின்றதும் கண்ணாடிப் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். நான் பார்த்துச் சொல்ல வேண்டும், இளவயது ஆராய்ச்சிக்காரர் ஒருவர் எழுதிக்கொள்வார். குனிந்து பெட்டிக்குள் முகத்தை வைத்தேன்.

முதலில் வெறும் பச்சை வெளிச்சம். அப்புறம் அடி மேலே எழும்பி வந்த மாதிரி இருந்தது. ஊதா நிறத்தில் கொம்பு கொம்பாகப் பவளம். அதன் நடுவே மஞ்சள் மீன்கள், யாரோ கைதட்டின மாதிரி ஒரே சமயத்தில் திரும்பின. ஒரு பாறை இடுக்கில் கடல் தாமரை. ஜாடியில் சுருங்கிக் கிடந்த அதே கடல் தாமரை, இங்கே இளஞ்சிவப்பாக விரல்களை விரித்துக்கொண்டு ஆடியது. பக்கத்தில் பாசி, விசிறி போல ஒன்று, எல்லாமே ஆடின. “ஊதா… மஞ்சள்… ஐயோ, சிவப்பு!” என்று கத்தினேன். “பேரைச் சொல்லும்மா, கலரை எழுத எனக்கு இடமில்லை” என்றார் அவர். மனப்பாடம் செய்திருந்த லத்தீன் பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. கண்ணீர் சொட்டிக் கண்ணாடியில் விழுந்து, நான் பார்த்துக்கொண்டிருந்த மீனையே மறைத்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் அழுததில்லை, பிறகும் இல்லை.

திரும்பி வரும்போது வள்ளத்துக்காரர் கடலைப் பார்த்தபடியே பேசினார். “வலைய எறக்கிட்டா வெறும் மரந்தானன்னு கல்யாணம் ஆன புதுசுலயே எங்கிட்டக் கேட்டவ அவ. அவளுக்காகக் கேட்டது. இன்னைக்கு ஒனக்கு எடுத்துக் குடுத்துட்டா.”

அதற்குப் பிறகு அந்த வள்ளத்தில் என்னால் உட்கார முடியவில்லை.

கரையில் இறங்கியதும் அக்கா ஓடி வந்தார். ஆடுது அக்கா, உங்க அப்பா சொன்னது நெசம் என்றேன். “எந்தப் பக்கம் ஆடுது?” என்று கேட்டார். ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்சம் நின்று, மறுபடி அந்தப் பக்கம் சாய்கிறது என்று கையை அசைத்துக் காட்டினேன். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஊதா சொன்னேன், மஞ்சள் சொன்னேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது, நான் சொல்வதெல்லாம் ஜாடியில் போட்டது மாதிரி வெளிறிப்போகிறது.

பேச்சை நிறுத்திவிட்டு வள்ளத்திலிருந்து கண்ணாடிப் பெட்டியைத் தூக்கினேன். அந்த இளவயது ஆராய்ச்சிக்காரர் பார்த்தார், தடுக்கவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். இடுப்பளவில் நின்று, பெட்டியை வைத்து, பாருங்க என்றேன். கரையோரம் என்ன இருக்கும்? மணலும் கொஞ்சம் கடல் புல்லும்தான். ஆனால் அவர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. “ஆடுது பிள்ள, புல்லு ஆடுது” என்றார். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தார். அப்புறம் இன்னும் ஓரடி.

எனக்கு நெஞ்சளவு வந்ததும் பயந்து நின்றுவிட்டேன். அவர் போய்க்கொண்டே இருந்தார். சேலை அவரைச் சுற்றி மிதந்தது. கடல் ஏறத் தொடங்கிவிட்டது, அவருக்கு நீச்சலும் தெரியாது. அக்கா, போதும் வாங்க என்று கூப்பிட்டேன். பெட்டிக்குள் இருந்த முகத்துக்கு என் குரல் கேட்டதா தெரியவில்லை. கழுத்தளவு ஆகிவிட்டது. சற்றுத் தள்ளித்தான் ஒரு சின்னப் பார் இருந்தது, அதற்கு முன்னால் ஆழம். கரையில் பெண்கள் கத்த ஆரம்பித்தார்கள்.

அப்போது எனக்குப் பக்கத்தில் வள்ளம் போனது. அவருடைய வீட்டுக்காரர் ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு போனார். கூட்டிவந்து கரையில் விட்டுத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வள்ளம் அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“உள்ள ஏறாத. விளிம்பப் புடிச்சிக்க” என்றார். துடுப்பை எடுத்துக்கொண்டே, “கால்தான வைக்கக் கூடாது” என்றார்.

அக்கா ஒரு கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தார். மறு கையில் பெட்டி. உடம்பு முழுக்கத் தண்ணீரில். வள்ளம் மெல்ல, மிக மெல்ல, அந்தப் பாரைப் பார்த்து நகர்ந்தது. வீட்டுக்காரர் துடுப்புப் போட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. கரையில் கத்திக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள். வழக்கத்தை மீறினாள் என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. வலை மணலில் கிடந்தது, கால் வள்ளத்தில் படவில்லை.

நான் நனைந்த தாவணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி பஸ் ஹாரன் அடித்தது. பொழுது சாய்வதற்குள் எங்களைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்று மேடம் அவசரப்படுத்தினார். இன்னும் கொஞ்சம், மேடம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினேன். கிளம்பத்தான் வேண்டியிருந்தது. ஜன்னல் வழியாகக் கடைசியாகப் பார்த்தபோது வள்ளம் பாரின் மேல் அசையாமல் நின்றது. பக்கத்தில் தண்ணீருக்கு மேலே ஒரு தலை, குனிந்தபடி. பெட்டியைத் திரும்ப வாங்க அந்த ஆராய்ச்சிக்காரர் மட்டும் கரையில் காத்திருந்தார். அவரும் கூப்பிடவில்லை.

பரீட்சை, கல்யாணம், தருமபுரி. பிறகு பிள்ளைகள், கடை. என் வீட்டுக்காரரும் நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போனபோது, யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறித் தருவைகுளம் போனேன். பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை நான். வலையை இறக்கச் சொன்ன அக்கா என்று சொல்லி விசாரித்தேன். ஒரு பெண் சிரித்துக்கொண்டு, அவங்க குடும்பத்தோட ராமேசுவரம் பக்கம் போயிட்டாங்களே என்றார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இப்போதும் கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில், வாசலில் தொங்கும் சாக்குப் படுதா காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்சம் நின்று, மறுபடி சாயும்போது எனக்கு அந்தக் கடலடி வந்துவிடும். அந்த ஊதாவும் மஞ்சளும் கொஞ்சமும் வெளிறவில்லை. ஆனால் ஏங்குவது அதற்காக இல்லை. பார்த்துவிட்டு வந்து சொல்லு என்று கேட்டவருக்கு நான் பார்த்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். அக்கா, நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கத்தான் நான் இன்னும் அந்தக் கரையிலேயே நிற்கிறேன்.