என் மகளின் பெரிய கண்கள்

நான்கு வருடம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆண்டாப் ஹில்லில் ஒரு காதுகுத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நானும் மனைவியும் ஏழு மாதக் கைக்குழந்தையோடு தாராவிக்குப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம்.

முதலில் என் மகளின் கண்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறந்ததிலிருந்தே பெரிய கண்கள். கருவிழியே கண் முழுக்க நிறைந்திருக்கும். காதுகுத்து வீட்டில் அவளைக் கையில் வாங்கிக் கொஞ்சாத ஆள் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தோல் பை தைக்கும் பட்டறையில் எனக்கு வேலை. மெஷினுக்கு மேலே அவள் போட்டோவை ஒட்டி வைத்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். கண்ணில் எப்போதும் நீர் வடியும், வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க மாட்டாள். கண்ட கண்ணும் படுகிறது என்று வாரம் தவறாமல் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவோம். அவ்வளவுதான் எங்கள் வைத்தியம்.

என் மனைவி வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அக்காவின் மகள்தான். அவள் பிறந்த அன்றே எனக்கென்று பேசிவைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களில் இது வழக்கம், பம்பாய்க்கு வந்தும் மாறவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் வெயில் முகத்தில் பட்டதும் மகள் வீறிட்டு, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எதிர் சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. எல்லாரையும் போல அவர் கொஞ்சவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தார்.

"தம்பி, பிள்ளைக்குக் கண்ணுல தண்ணி வடியுதா? வெளிச்சம் பட்டா இப்படித்தான் மூஞ்சியத் திருப்புதாளா?"

ஆமாம் என்றேன்.

"தப்பா நினைக்காதிய. சொந்தத்துலயா கெட்டியிருக்கிய?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் விடவில்லை.

"இது அழகு இல்ல தம்பி. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி, கண்ணு பெருத்துட்டே போவுது. எம் மவனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருங்க."

"ஒங்க வேலயப் பாருங்க" என்றேன், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கொளுத்தும் வெயிலில் வீட்டுக்கு நடந்தோம். "மாமா, ஒரு வாட்டி காட்டிட்டுத்தான் வந்துருவமே" என்றாள் மனைவி. அவளிடமும் கத்தினேன். அன்று சாயங்காலம் அக்கா வந்து கைநிறைய மிளகாய் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது என்பார்கள். "நெடியே இல்ல பாத்தியால, அம்புட்டும் அந்த பஸ்ஸுல வந்தவ கண்ணுதான்" என்றாள் அக்கா. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இப்படியே மூன்று மாதம் போய்விட்டது. ஒரு நாள் காலையில் மகளின் வலது கருவிழி, தண்ணீர் கலந்த பால் மாதிரி வெளுத்திருந்தது. பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். மராட்டிக்காரப் பெண் டாக்டர், இந்தியில் கேட்ட முதல் கேள்வியே நீங்கள் இருவரும் சொந்தமா என்பதுதான். ஆமாம், அக்கா மகள் என்றேன்.

குளுக்கோமா என்றார். வயதானவர்களுக்கு வருவதென்று நினைத்திருந்தேன், பிறக்கும்போதே வருமாம். எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு பழுதான ஜீன், நல்ல ஜீன் ஒன்றும் கூட இருப்பதால் எங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை. மகளுக்குப் போய்ச் சேர்ந்த இரண்டுமே பழுது. வேறு குடும்பங்களிலும் இது வரும், ஒரே ரத்தத்தில் கட்டினால் அதே பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். எங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்தாம். "யார் குற்றமும் இல்லை" என்று ஆறுதலும் சொன்னார். பிறகு, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். பிறந்ததிலிருந்தே என்றேன், மூன்று மாதம் முன்னால் பஸ்ஸில் அந்த அம்மா எச்சரித்ததையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தீன் மஹினே பெஹ்லே லாதே தோ" என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மூன்று மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை.

இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. வலது கண்ணில் ஒன்றுமே தெரியாது. இடது கண்ணில் நிழல் தெரியும், ஆள் அடையாளம் தெரியாது. எங்கள் சந்தில் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்கிறாள். இன்னொரு பிள்ளை பெற எங்களுக்குத் துணிச்சல் இல்லை. அதே பஸ்ஸில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சும்மாவே போய்வந்தேன், அந்த அம்மாவைக் காணவில்லை. கண்டாலும் என்ன முகத்தோடு பேசுவேன்?

ஜீனில் வந்தது யார் குற்றமும் இல்லை என்று டாக்டர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் அந்த மூன்று மாதம் ஜீனில் வந்ததில்லை, அது நானாகக் கொடுத்தது, அதை என் மகளிடம் சொல்ல எனக்கு எந்தக் காலத்திலும் வாய் வரப்போவதில்லை.