அப்பாவின் முட்டி டயர் அல்ல

எங்கள் அப்பாவை உட்கார வைத்தே சாகடித்தது என் அண்ணன்தான்.

முதலாம் ஆண்டு நினைவு மலரில் இப்படியா எழுதுவது என்று உறவினர்கள் கேட்பீர்கள். என்னை எழுதச் சொன்னதே அண்ணன்தான். "நீதான் அப்பாவுக்குச் செல்லம், நீயே எழுதுட்டி" என்றார். "எழுதுனத மாத்தாம அச்சடிப்பியளா?" என்று கேட்டேன். சரி என்றார். அதனால் எழுதுகிறேன்.

அப்பா புதூர் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அன்றிலிருந்து ஆடுகளுக்குப் பின்னால் நடந்தார். அறுவடை முடிந்த புஞ்சைகளில் உரத்துக்காக ஆடுகளை ராத்திரி அடைத்துக் கிடை போட ஊர் ஊராகப் போவார். மழைக் காலத்தில் கரிசல் மண் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் கல்லாகக் கனக்கும். அந்தக் காலோடுதான் அறுபது வருடம் நடந்தார். அந்த நடையில்தான் எங்களைப் படிக்க வைத்தார், அண்ணனுக்குக் கோவில்பட்டியில் டயர் கடை வைத்துக் கொடுத்தார், என்னைப் பசுவந்தனையில் கட்டிக் கொடுத்தார். மனிதர்களிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஏசுவதெல்லாம் ஆடுகளைத்தான்.

எழுபதை நெருங்கும்போது முட்டி வலி வந்தது. காலையில் எழுந்தால் கால் மடங்காது. கழுகுமலைப் பக்கம் ஒருவர் சுளுக்கு எடுக்கிறேன் என்று பிடித்து இழுத்தார். ஒரு வாரம் வீங்கிக் கிடந்ததுதான் மிச்சம். அம்மா வாதமடக்கி இலையை விளக்கெண்ணெயில் வதக்கி, துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார். அதற்குக் கொஞ்சம் கேட்கும், மத்தியானம் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். கடைசியில் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் 'மூட்டுத் தேய்மானம்' என்று சீட்டில் எழுதி, பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவர் சின்ன வயதுப் பெண். அப்பா அவரைத் தாயி என்றுதான் கூப்பிட்டார். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, காலை நீட்டியபடி அதை அமுக்கி, பத்து எண்ணும் வரை விடாமல் பிடிக்கச் சொன்னார் அவர்.

"நம்பர் மறந்துருது தாயி. எங்க ஆட்டு பேரச் சொல்லட்டா?"

"பத்து ஆடு இருக்கா ஐயா?"

"சரியா பத்துதான். செங்கன்னி, பால்கன்னி, கூழைவாலி, கோணக்கொம்பி, வாயாடி..."

"வாயாடியா?"

"அது இவ பேரு. ஆட்டுக்கும் பொருத்தமா இருந்துச்சு, வச்சுட்டேன்" என்று என்னைக் காட்டினார். அந்த அறையில் கால் வலியோடு கிடந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மாவின் ஒத்தடத்தைப் பற்றியும் கேட்டேன். "அதை விடாதீங்கக்கா. சூடு பட்டா தசை இளகும். இளகின உடனே பயிற்சியை ஆரம்பிங்க. ஒத்தடம் மட்டும் குடுத்துட்டு உட்கார வச்சிராதீங்க" என்றார். கம்பை, வலி கூடுதலாக இருக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்கச் சொன்னார். அறுபது வருடம் வலது கையில் கம்பு பிடித்தவர் இடது கைக்கு மாற்றினார். பழைய வேட்டித் துணியில் மணல் கட்டி, அதைக் கணுக்காலில் மாட்டி, கட்டிலில் உட்கார்ந்தபடி காலைத் தூக்குவார். நான்கு மாதத்தில் ஊருணிக் கரை வரை ஆடுகளோடு போய் வந்தார். வலி போகவில்லை. ஆனால் வலியோடு நடக்க முடிந்தது. அவர் கேட்டதும் அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்தச் சீட்டை அண்ணன் பார்த்தார். தேய்மானம் என்ற சொல் அவருக்குப் புதிதல்ல, தினமும் கடையில் சொல்வதுதான்.

"டயர் தேஞ்சு மொழுக்கையாயிட்டுன்னா வண்டிய நிறுத்திரணும். ஓட்ட ஓட்ட இன்னும் தேயும். தேஞ்ச முட்டிய வச்சுக்கிட்டு ஆட்டுக்குப் பின்னால அலையச் சொல்லுதியளா?" என்றார்.

"ஏலே, டயர்ல ரத்தமா ஓடுது? இது காலு லே" என்றார் அப்பா.

அண்ணன் கேட்கவில்லை. பத்து ஆடுகளையும் சந்தைக்கு ஓட்டினார். அப்பாவையும் அம்மாவையும் கோவில்பட்டிக்குக் கூட்டிப் போனார். எனக்குப் போன் செய்து, "பிசியோ அம்மாகிட்டயும் கேட்டுட்டேன். பயிற்சி போதும், காலுக்கு ஓய்வு குடுங்கன்னு சொல்லிட்டாவ" என்றார். நம்பினேன்.

அண்ணன் வீட்டில் அப்பாவுக்கு எந்தக் குறையும் இல்லை. மெத்தை நாற்காலி, டிவி, நேரத்துக்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க விடமாட்டார்கள். ஒரு நாள் நான் போனபோது பழைய ஞாபகத்தில் துண்டைச் சுருட்டி அவர் முட்டிக்கு அடியில் வைத்தேன். அப்பா அமுக்கவில்லை.

"வித்த ஆட்ட எதுக்குட்டி கூப்பிட?" என்றார்.

ஒரு வருடத்தில் தொடை வற்றிக் குச்சியாகிவிட்டது. கரிசலில் மண்ணோடு நடந்தவர் குளியலறைக்குப் போகும் நாலடியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தவர் எழவில்லை. நெஞ்சில் சளி கட்டி, ஒரு விடியற்காலையில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் அண்ணன் மைக் பிடித்துப் பேசினார். "கடைசி வரைக்கும் அப்பாவை ஒரு அடி நடக்க விடாமல் தாங்கினேன்" என்றார். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் எல்லாரும் சொன்னீர்கள். நானும் தலையை ஆட்டினேன்.

அடுத்த மாதம் நன்றி சொல்ல அந்தப் பிசியோ பெண்ணைப் பார்க்கப் போனேன். அப்பா போய்விட்டார் என்றதும் அவர் முகம் மாறியது.

"ஏன்க்கா பாதியில விட்டீங்க?"

"நீங்கதான போதும்னு சொன்னியளாம்?"

"நானா? உங்க அண்ணன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேனே. நிறுத்துனா தசை வத்திரும், விழுந்துருவாரு, நடக்க விடுங்கன்னு. எழுதியும் குடுத்தேன்."

அங்கிருந்து நேரே கடைக்குப் போனேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "செத்தவர வச்சு என்னட்டி விசாரண?" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை இதே பதில்தான்.

இந்த மலரை வாங்கும் உங்களில் பாதிப் பேருக்கு முட்டி வலி இருக்கிறது. காட்டு வேலை செய்தவர்களும் தீப்பெட்டி ஆபீசில் காலை மடக்கி உட்கார்ந்து வேலை பார்த்தவர்களும் இருக்கிறீர்கள். ஒத்தடம் கொடுங்கள், எண்ணெய் தேயுங்கள். ஆனால் தெரிந்தவர்களிடம் பயிற்சியைக் கேட்டுச் செய்யுங்கள். பாசத்தில் யாராவது உட்காரச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

அப்பாவுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்த அந்தப் பெண்ணுக்கும், கை வலிக்க வலிக்க ஒத்தடம் கொடுத்த அம்மாவுக்கும், படுக்கையில் கிடந்தவரை முகம் சுளிக்காமல் குளிப்பாட்டிய மதினிக்கும், விழுந்த அன்று தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டு ஆட்டோக்காரத் தம்பிக்கும், மயானம் வரை வந்த எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

என் தவறையும் எழுதிவிடுகிறேன். பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்குப் பஸ் இருக்கிறது. நேரில் போய் அந்தப் பிசியோ பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லாரும் படிக்க ஒப்புக்கொண்டுவிட்டேன்.

இனி உங்கள் முறை, அண்ணே. நினைவு நாளில் சாப்பாட்டுக்கு முன்னால் நீங்கள் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறது. என்னைத் திட்ட வேண்டுமானால் வீட்டில் வைத்துத் திட்டுங்கள். மைக்கில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நடக்க விடுங்கள் என்று அந்தப் பெண் சொன்னதை, ஓய்வு கொடுக்கச் சொன்னார் என்று எங்களிடம் ஏன் மாற்றிச் சொன்னீர்கள்? அப்பா விழுந்துவிடுவார் என்ற பயமா? டயர் கடைக்காரரின் அப்பா இன்னும் ஆடு மேய்க்கிறார் என்று யாராவது சொல்லிவிட்டார்களா? எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன். அதே மைக்கில், பதினாறாம் நாள் உங்களைப் புகழ்ந்த அதே ஆட்கள் முன்னால் சொல்லுங்கள்.