ஏரிக்கு மே மாதம் லீவு

போன வாரம் திருப்பூரிலிருந்து என் நாத்தனார் சாந்தி குடும்பத்தோடு வந்திருந்தாள். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். நான் காபிக்குப் பால் வைத்தேன். பால் பொங்குவதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.

"ஏனுங்க அண்ணி... ஏரி எங்க?"

என்னத்தைச் சொல்ல? டிசம்பரில் அவளுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியவள் நான்தான். பின்வாசல் படி வரைக்கும் தண்ணீர்... அந்தத் தண்ணீரில் தலைகீழாக எங்கள் வீடு. போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் புதுசாகத் தூண்டில் வாங்கிக்கொண்டே வந்துவிட்டார்.

"லீவுல போயிருக்குது. ஜூலைல டூட்டிக்கு வந்துரும்" என்றேன்.

சாந்தி சிரிக்கவில்லை. என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய், காதோடு கேட்டாள்.

"அண்ணன ஏமாத்திப் போட்டாங்களா?"

இல்லை. நாங்கள் ஏமாந்துவிடக் கூடாது என்று ஒரு மனுஷர் எங்களை அஞ்சு மாசம் காக்க வைத்தார். அந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் - என் வீட்டுக்காரர் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து எங்களுக்கு எஸ்டேட் குவார்ட்டர்ஸ்தான். கதவுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்பது நாங்கள், கதவு எஸ்டேட்டுடையது. ரிடையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். போன வருஷம் ஜூன் கடைசி... அதுதான் எங்களுக்குக் கெடு.

அதற்கு முந்தைய டிசம்பரிலேயே வீடு தேட ஆரம்பித்தோம். குடும்பத்தில் மூன்று பேர், ஆளுக்கொரு கண்டிஷன். கூரை ஒழுகக் கூடாது என்றார் அவர். மகள் சுகந்தி ஊட்டியில் நர்ஸ். ஹாஸ்டல் சாப்பாடு சலித்துவிட்டது, தினமும் வேலைக்குப் போய்விட்டுத் திரும்புகிற மாதிரி பஸ் ரூட்டில் வீடு வேண்டும் என்றாள். எனக்கு ஒன்றே ஒன்று. நடந்து போகிற தூரத்தில் கோயில்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எனக்குப் பெரிய சாஸ்திரம் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் மாரியம்மனுக்கு ஒரு விளக்குப் போடுவேன், அவ்வளவுதான். குவார்ட்டர்ஸிலிருந்து இருபது எட்டு வைத்தால் கோயில். அந்த இருபது எட்டு இல்லாமல் எனக்குப் பொழுது போய்ப் பழக்கமில்லை.

சுகந்தியோடு வேலை செய்கிற பெண் ஒரு வீட்டைச் சொன்னாள். ஊட்டியிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிஷம். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். முன்பு ஒரு தடவை எழுதியதைப் படித்துவிட்டு ரெண்டு புரோக்கர்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

டேம் தண்ணீரைச் சுற்றி இருக்கிற ஊர் இது. காலை பஸ்ஸில் பாதி ஊர் ஊட்டிக்கு வேலைக்குப் போகும், சாயங்காலம் திரும்பும். மீதி ஊர் சனிக்கிழமை காரில் வரும், ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பங்களாக்கள் எல்லாம் அந்த மீதி ஊருக்குத்தான். கேட்டுக்குக் கேட்டு போர்டு - லேக் வியூ, லேக் பிரீஸ் என்று. அந்த வரிசையின் நடுவில் போர்டு இல்லாத ஓட்டு வீடு ஒன்று. அதுதான் விலைக்கு.

விற்கிறவர் பெயர் போஜன். படுகர். டேமில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மனைவிக்கு மூட்டுவலி, குளிர் ஆகவில்லை, அதனால் கோயம்புத்தூரில் மகனிடம் போகிறார்கள். கூரையைக் காட்டினார். பட்டாவைக் காட்டினார். பின்பக்கம் கூட்டிப் போனார்.

பின்பக்கச் சுவரில் ஒரு பெரிய இரும்பு கேட். திறந்தால் ரெண்டு கல்படி. மூன்றாவது படி தண்ணீருக்குள்.

"தண்ணிக்கு எதுக்குங்கண்ணா கேட்டு? மீனு வந்து பெல் அடிக்குமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வர்றவிங்க வருவாங்க" என்று மட்டும் சொன்னார் போஜன் அண்ணா.

நான் படியில் உட்கார்ந்து, தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டேன். அப்போது அக்கரையிலிருந்து மணிச் சத்தம் கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"கோயிலுங்களா அண்ணா?"

"மாரியம்மா. டேம் கட்ட கீழ இருந்து வந்த உங்க ஆளுங்க வச்ச சாமி."

"நடந்து போயிரலாங்களா?"

"சுத்திப் போகணும். ஏழு கிலோமீட்டர். ரெண்டு பஸ் மாறணும்."

மனசு கொஞ்சம் இறங்கிப் போனது. ஆனாலும் அந்தத் தண்ணீர்... குவார்ட்டர்ஸில் குழாயில் சொட்டுச் சொட்டாகப் பிடித்தவள் நான். வாசலில் இவ்வளவு தண்ணீரைக் கண்டால் எழுந்து வர மனசு வருமா? கோயிலுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸை நீட்டினார்.

போஜன் அண்ணா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மே மாசம் வந்து பாருங்க. அப்பவும் புடிச்சிருந்தா வாங்கிக்கறேன்."

"இப்பவே புடிச்சிருக்குதுங்களே."

"டிசம்பர்ல எல்லாருக்குந்தான் புடிக்கும். பக்கத்து பங்களாக்காரரு டிசம்பர்ல பாத்து வாங்குனாரு. மே மாசம் வந்து எங்கிட்ட சண்டைக்கு நின்னாரு... ஏரிய என்னய்யா பண்ணுனேன்னு."

"என்ன பண்ணுனீங்க?"

"கரண்டு பண்ணுனேன்."

விஷயம் இதுதான். இந்தத் தண்ணீர் மலைக்குள் டனல் வழியாகக் கீழே பவர் ஹவுஸுக்குப் போகிறது. வெயில் காலத்தில் சமவெளியில் ஃபேனும் ஏசியும் ஓட ஓட, கீழே இருந்து போன் வரும். ஷட்டரைத் திறக்க வேண்டும். முப்பது வருஷம் அந்த ஷட்டரைத் திறந்தவர் போஜன் அண்ணா.

"இந்தத் தண்ணிய எறக்குனதே நாந்தான். அத மறச்சு எப்படி விக்கறது?" என்றார்.

"அதுக்குள்ள வேற ஆரும் வந்து கேட்டா?" என்றேன்.

"அவிங்களுக்கும் மே மாசந்தான்."

நாங்கள் வெளியே வரும்போதே வாசலில் ஒரு கோயம்புத்தூர் கார் வந்து நின்றது. இறங்கியவர் கையில் இடம் அளக்கிற டேப். ஹோம்ஸ்டே கட்டப் போகிறாராம். பின்பக்க கேட்டை அடைத்துவிட்டு, தண்ணீர் மேல் பால்கனி இழுக்கலாமா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரர் புலம்பினார். "ஊடு விக்கறவரு மாதிரியா பேசறாரு? பொண்ணு குடுக்கறவரு மாதிரியில்ல பேசறாரு."

வேறு வீடுகளும் பார்த்தோம். குன்னூரில் ஒன்று... வாசலுக்கு எண்பது படி. கோத்தகிரியில் ஒன்று... கூரை வழியாக வானம் தெரிந்தது. மார்ச்சில் எஸ்டேட் ஆபீஸிலிருந்து குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் லெட்டரும் வந்துவிட்டது. டீ டேபிளுக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்தார் அவர். ஒவ்வொரு வாய் டீக்கும் அதுதான் கண்ணில் பட்டது.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். சாயங்காலம் விளக்குப் போடும்போது தினமும் இப்படி வேண்டிக்கொண்டேன். "தாயே, மே மாசம் வரைக்கும் அந்தத் தண்ணி எறங்கக் கூடாது. அவருக்கும் புள்ளைக்கும் அந்த ஊடு புடிக்காம போயிரக் கூடாது."

வேண்டியதோடு விடவில்லை. வீட்டில் தேவையில்லாமல் ஒரு லைட் எரிய விடவில்லை. டிவியைப் பாதியில் அணைத்தேன். மிக்ஸியை எடுத்து வைத்துவிட்டு அம்மிக்குப் போனேன். என்னால் ஒரு குடம் தண்ணீராவது அந்த ஏரியில் மிஞ்சட்டும் என்று!

"ஏம்புள்ள, உனக்கு என்ன ஆச்சு?" என்று இருட்டில் சோற்றைத் தடவிக்கொண்டே கேட்டார் அவர். நான் சொல்லவில்லை.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சமவெளி முழுக்க வியர்த்துக் கிடந்தாலும் என் ஏரி நிறைந்திருக்க வேண்டும்... இதுவா வேண்டுதல்? சாமி முன்னால் கண்ணை மூடிக்கொண்டால் போதும், நம் ஆசை எல்லாம் பக்தி மாதிரியே தெரிகிறது.

மே மாதம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் பார்த்தது சேறு. வெடித்துக் கிடந்த சேறு, அதற்கு அப்பால் பசேலென்று புல், புல்லில் எருமைகள். தண்ணீர் எங்கோ நடுவில் ஒரு கோடு. லேக் வியூ போர்டு மட்டும் பளபளவென்று இருந்தது.

"அம்மா, இது ஏரியா கிரவுண்டா?" என்றாள் சுகந்தி.

போஜன் அண்ணா நாற்காலி போட்டார். "கோயம்புத்தூர் பார்ட்டி போன வாரம் வந்தாங்க. கார விட்டு எறங்கவே இல்ல" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "என்ன புள்ள பண்ணலாம்? காலம் பூரா இந்தச் சேத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறதா?"

இந்த வீடும் இல்லை என்றால் ஜூன் கடைசியில் சாமான்களோடு எங்கே போய் நிற்பது? தினமும் வேண்டினேனே, ஒரு சாண் தண்ணீர் கூடவா விட்டு வைக்கக் கூடாது என்று அம்மன் மேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று பின்பக்கம் போனேன். கேட்டைத் திறந்தேன்.

டிசம்பரில் ரெண்டே படி தெரிந்த இடத்தில் பதினோரு படி. படி முடிகிற இடத்தில்... ரோடு.

கல் பாவிய பழைய ரோடு. சேற்றுக்கு நடுவில் நேராகப் போய், பள்ளத்தில் ஒரு சின்னக் கல் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் மேடேறி, கோயில் வாசலில் போய் முடிந்தது. ஏழு கிலோமீட்டரும் இல்லை, ரெண்டு பஸ்ஸும் இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நடந்தேன். பின்னால் அவர் கூப்பிடுவது கேட்டது. பாலத்துக்குக் கீழே ஓடிய தண்ணீரைக் குனிந்து தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டேன். பத்து நிமிஷம். சின்னச் சன்னதி, மஞ்சள் புடவையில் அம்மன். டிசம்பரில் தூரத்தில் கேட்ட மணியை நானே அடித்தேன்.

என் வேண்டுதல் பலிக்கவில்லை. பலித்திருந்தால் இந்த ரோடு தண்ணீருக்கு அடியில்தான் கிடந்திருக்கும். நான் கேட்டதைக் கொடுக்காமல், எனக்கு வேண்டியதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள்.

திரும்பி வந்தபோது மூன்று பேரும் கேட்டில் நின்றிருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, இந்த ரோட்ட நீங்க சொல்லவே இல்லையே" என்றேன்.

"சொன்னா அதுக்காகவே வாங்கிருவீங்க" என்றார் போஜன் அண்ணா. "வருசத்துல ரெண்டரை மாசந்தான் அது ரோடு. மழ வந்தா மூடிரும்."

"மீதி மாசம்?"

"மணி கேக்கும்."

என் வீட்டுக்காரர் என் ஈரத் தலையையும் நெற்றிக் குங்குமத்தையும் பார்த்தார். பிறகு பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்தார். இந்த முறை போஜன் அண்ணா ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு. கேட்ட மட்டும் அடைச்சுராதீங்க. திருவிழாவுல அம்மா இந்த ரோட்டுலதான் இக்கரைக்கு வரும். மொதல்ல வந்து நிக்கறது இந்தக் கேட்டுலதான்."

மீன் பெல் அடிக்குமா என்று கேட்டவர் அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்... எந்த வீட்டுக்கும் ஒரு மே மாதம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். அப்போதும் பிடித்திருந்தால் அது உங்கள் வீடு.

கதையைக் கேட்டு முடித்த சாந்தி, ரெண்டு நாளில் கிளம்ப இருந்தவள், திருவிழா பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கேட்டின் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இப்போது அவள் வேலை. சுகந்தி திருவிழா அன்றைக்கு லீவு சொல்லிவிட்டாள். லேக் வியூ பங்களாவில் முதலாளி இல்லை. வாட்ச்மேன் மட்டும் வந்து அர்ச்சனைக்கு ஒரு தேங்காய் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாம் தயார். ஒரே ஒரு குறைதான். கோடை மழை கொஞ்சம் கூடிவிட்டதால் பாலத்தின் மேல் இன்னும் கணுக்கால் தண்ணீர் நிற்கிறது. சாந்தியின் வீட்டுக்காரர் அதில்தான் தூண்டிலோடு நிற்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை அம்மன் அதைத் தாண்டி வர வேண்டும்.

அதனால் எங்கள் வீட்டில் மூன்று நாளாகப் பகலிலும் எல்லா லைட்டும் எரிகிறது... சமவெளியில் இருக்கிற நீங்களும் வெள்ளிக்கிழமை வரைக்கும் ஃபேனைக் கொஞ்சம் தாராளமாகச் சுற்ற விடுங்கள்.